இருபத்தாறு படிக்கு மேலே ஒரு சாவி

சக்கர நாற்காலியில் வந்து, அதையே தலைமை நாற்காலியாக்கி, மேடையின் நடுவே மலர்ந்த முகத்தோடு வீற்றிருக்கும் கைப்பேசிக் கடை உரிமையாளர், நம் எல்லோருக்கும் டவர் அக்கா, அவர்களே! அவர் ஏறி வருவதற்காக இந்த மேடையின் மூன்று படிகளைப் பெயர்த்தெடுத்துவிட்டு முழுநீளச் சரிவு அமைத்துத் தந்த தச்சர்களே! கையெழுத்து ஒன்றினால் கதவுகள் பதினான்கைத் திறந்துவைத்த கோட்ட மேலாளர் ஐயா அவர்களே! சக்கரத்தைச் சுழற்றும் ஓட்டுநர்களே, சில்லறைக்குச் சிரித்துச் சமாளிக்கும் நடத்துநர்களே! விடியும் முன் வந்து இந்த நிலையத்தின் முகம் கழுவிவிடும் தூய்மைப் பணியாளர்களே, அவர்களின் தளபதியாகத் துடைப்பத்தோடு நிற்கும் அம்மா அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோரே! இடுப்பில் பிள்ளையும் தோளில் பையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! அதே பிள்ளையும் அதே பையுமாக வந்திருக்கும் தந்தைமார்களே! பயணிகளின் கனிவான கவனத்திற்கு...

மன்னிக்க வேண்டும். ஒலிவாங்கியைக் கண்டால் இருபது வருடப் பழக்கம் நாக்கில் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. சிரியுங்கள், சிரியுங்கள். இன்று சிரிப்பதற்குத்தான் கூடியிருக்கிறோம்.

நான் யார்? இந்தப் பேருந்து நிலையத்தின் மேல்மாடியில், ஒரு சன்னலும் ஒரு ஒலிவாங்கியும் சுழல மறுக்கும் ஒரு மின்விசிறியும் துணையாக, எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்தத் தடத்திலிருந்து கிளம்பும் என்று அறிவிப்பவன். என் முகத்தை உங்களில் பலர் இன்றுதான் பார்க்கிறீர்கள். என் குரலை இருபது வருடமாகக் கேட்கிறீர்கள். என்னது? “குரலே போதும் சார்” என்கிறீர்களா? அது ஓட்டுநர்கள் பக்கமிருந்துதானே வருகிறது? இருக்கட்டும், நாளைக்கு உங்கள் வண்டியைக் கடைசியாக அறிவிக்கிறேன்.

நல்லது செய்தவர்கள் இந்த மேடையில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு என்னை ஏன் முதலில் பேசச் சொன்னார்கள்? என்ன சாதித்தேன் நான்? ஒன்றே ஒன்றுதான் சாதித்தேன். ஒன்பது வருடம் ஒரு கதவைப் பூட்டி வைத்திருந்தேன். “பூட்டினவரே சொல்லட்டும் சார், அப்பத்தான் கதை நல்லா இருக்கும்” என்று டவர் அக்கா சொல்லிவிட்டார். தலைவர் உத்தரவு. தட்ட முடியுமா?

பத்து வருடத்துக்கு முன் இந்த நிலையத்தைப் புதுப்பித்தார்கள். அப்போது கழிப்பறையில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் அழகான ஓர் அறை கட்டினார்கள். அகலமான கதவு. சரிவான வாசல். சக்கர நாற்காலி முழு வட்டம் போடும் அளவுக்கு உள்ளே இடம். பிடித்து எழுந்திருக்க இரண்டு பக்கமும் கம்பி. குழந்தையைப் படுக்க வைத்து உடை மாற்ற, சுவரிலேயே மடக்கி விரிக்கும் மேசை. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். பாராட்டியவர்கள் படம் எடுத்தார்கள். திறந்து எட்டாம் நாள் ஒரு குழாய் காணாமல் போனது. ஒரே ஒரு குழாய்! அன்றைக்கு இருந்த மேலதிகாரி சொன்னார்: “பூட்டு.” பூட்டினேன். சாவியை எங்கே வைப்பது? பத்திரமான இடத்தில் வைக்க வேண்டுமே! என் அறையில், என் தலைக்கு மேலே, ஓர் ஆணியில் மாட்டினேன். கதவில் ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டினேன். “சாவி தேவைப்படுவோர் மேல்மாடி அலுவலகத்திற்கு நேரில் வந்து கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளவும்.”

மேல்மாடிக்கு எத்தனை படி? இருபத்தாறு. மின்தூக்கி உண்டா? இல்லை. அந்தக் கதவில் வரைந்திருந்த படம் என்ன? சக்கர நாற்காலி! அந்தப் படத்துக்கு நேர் கீழேதான் என் அறிவிப்பை ஒட்டினேன். முத்து முத்தான கையெழுத்தில், கீழே ஒரு கோடு வேறு போட்டு! நடக்க முடியாதவர்கள் படியேறி வந்து கையெழுத்துப் போட வேண்டும். நடக்க முடிந்தவர்களுக்கு அந்த அறை தேவையில்லை. ஆகவே யாரும் வரவில்லை. யாரும் வராததால் எதுவும் உடையவில்லை. எதுவும் உடையாததால், “சிறப்பாகப் பராமரிக்கப்படுகிறது” என்று வருடா வருடம் அறிக்கை எழுதினேன். அந்த அறிக்கைக்காக என்னைப் பாராட்டவும் செய்தார்கள். சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் ஒன்பது வருடம் எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை என்பதுதான் வெட்கம்.

ஒன்றரை வருடத்துக்கு முன், மூன்றாம் தடத்துக்கு எதிரே ஒரு சின்னக் கைப்பேசிக் கடை திறந்தது. நடத்துபவர் சக்கர நாற்காலியில் வருபவர். சிக்னலே இல்லாத போனையும் அவர் கையில் கொடுத்தால் பேச வைத்துவிடுவார் என்று நடத்துநர்கள் அவருக்கு டவர் அக்கா என்று பெயர் வைத்தார்கள். என்னைவிடப் பத்து வயது இளையவர். நானும் அக்கா என்றுதான் அழைக்கிறேன். என்னைத் திட்டும் உரிமை உள்ளவரை வேறு எப்படி அழைப்பது?

கடை திறந்த முதல் நாளே கதவு வரைக்கும் போனார். என் அறிவிப்பைப் படித்தார். அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார்.

“சார், கீழ ரூம் சாவி வேணும்.”

“நேரில் வந்து கையெழுத்துப் போடணும்மா.”

“வரேன் சார். ஆனா நீங்க ரெண்டு ஆளோட கீழ வந்து என்னைத் தூக்கிட்டுப் போகணும். நான் கொஞ்சம் கனம், நாற்காலி அதைவிடக் கனம். பரவாயில்லையா?”

கீழே இறங்கிப் போய் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். இருபத்தாறு படிதானே! ஆனால் கொடுத்தால் என்ன ஆகும்? கதவு திறக்கும். திறந்தால் என் குட்டு உடையும். என்ன குட்டு என்பதைப் பிறகு சொல்கிறேன். அதனால் ஒரு சொல்லைத் தேடினேன், கிடைத்தது. “அந்த அறை பராமரிப்பில் இருக்கும்மா.”

“எப்ப முடியும் சார்?”

“முடிஞ்சதும் அறிவிக்கிறேன்.”

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். காலை ஏழு மணிக்குக் கடை திறப்பார், மாலை ஏழு மணிக்கு மூடுவார். நடுவில் உதட்டை நனைக்க ஒரு மடக்கு, அவ்வளவுதான். தகரக் கூரைக்குக் கீழே, கையில் சூட்டுக்கோலோடு, பற்றவைக்கும் புகைக்கு நடுவே, பன்னிரண்டு மணி நேரம்! என் சன்னலிலிருந்து பார்த்தால் அவர் மேசை தெரியும். தண்ணீர் பாட்டில் இல்லாத மேசை. ஆறு மாதம் அதைப் பார்த்தேன். பார்த்தேனே தவிர, அது என் கண்ணில் படவில்லை.

ஒரு திங்கட்கிழமை கடை திறக்கவில்லை. சிறுநீர்ப் பாதையில் தொற்று, காய்ச்சல், மருத்துவமனை. அவருடைய தங்கை வந்தார். அக்கா சொல்லி அனுப்பியபடி, மூடிய கடைக் கதவில் ஓர் அட்டையை மாட்டிவிட்டுப் போனார். என்ன எழுதியிருந்தது?

“கடைக்காரருக்கு உடம்பு சரியில்லை. காரணம் அறிய, மேல்மாடி அலுவலகத்தில் கேட்கவும்.”

அவையோரே! கடையில் பழுது பார்க்கக் கொடுத்த போன்கள் எத்தனை? அறுபதுக்கு மேல்! அறுபது போன்களுக்கும் உரியவர்கள் என் படியில் ஏறினார்கள். காய்கறிக் கடைக்காரர் வந்தார். கல்லூரி மாணவிகள் வந்தார்கள். மாப்பிள்ளை பார்த்துப் பேசி முடித்த பெண் ஒருத்தி, போன் இல்லாமல் மூன்று நாளாக மாப்பிள்ளையோடு பேசவில்லை என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தாள். எல்லோருக்கும் ஒரே கேள்வி. “டவர் அக்காவுக்கு என்ன ஆச்சு? ஏன் ஆச்சு?” முதல் நாள், “எனக்கு எப்படித் தெரியும்?” என்றேன். இரண்டாம் நாள், “மேலிடத்தில் கேளுங்கள்” என்றேன். “மேலிடம்னு உங்களைத்தான் சார் எழுதியிருக்கு” என்றார்கள். மூன்றாம் நாள் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அறிவிக்கவே பிறந்த வாய், அடைத்துப்போனது.

அந்த மூன்றாம் நாள், புதன்கிழமை, நண்பகல். படியில் தடதடவென்று ஓசை. மூச்சு வாங்க உள்ளே வந்தவர் ஓர் இளைஞர். வலது கையில் ஒரு பிள்ளை, இடது கையில் ஒரு பிள்ளை. ஏழு மாத இரட்டையர். இவரை நீங்கள் அறிவீர்கள். நம் நிலையம் இவருக்கு வைத்த பெயர் டபுள்ஸ். எழுந்து நில்லுங்கள் தம்பி, எல்லோரும் பார்க்கட்டும்! இவருடைய மனைவி மூன்றாம் தடத்து வண்டியின் ஓட்டுநர். நண்பகலில் வண்டி இருபது நிமிடம் நிற்கும். அந்த இருபது நிமிடத்தில் பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பதற்காக, வீட்டிலிருந்து இருவரையும் தினமும் தூக்கி வருவார் இவர். அன்று தன் போனைக் கேட்டு மேலே வந்தார். வந்த இடத்தில் முகம் மாறியது.

“சார், கோபிச்சுக்காதீங்க. இவ நனைச்சுட்டா. இந்த மேசையில ஒரு நிமிஷம் படுக்க வைக்கட்டுமா?”

என் மேசையில் இருந்தது என்ன? வருகைப் பதிவேடும் ஒலிவாங்கியும். சற்று முன்புதான் ஓர் அறிவிப்பைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. அதன் பிறகு அந்த அறையில் பேசிய ஒவ்வொரு சொல்லும், இந்த நிலையத்தின் பன்னிரண்டு ஒலிபெருக்கியிலும் கணீரென்று ஒலித்தது. கேட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன்.

“சார், இவ காலைக் கொஞ்சம் பிடிங்க.”

“எந்தக் காலை?”

“ரெண்டையும்தான் சார். விட்டா உதைப்பா.”

உதைத்தாள். மூக்கிலேயே உதைத்தாள்.

“ஐயோ, இவனும் போயிட்டான் சார்!”

“எங்கே போயிட்டான்?”

“எங்கேயும் போகல சார். இருந்த இடத்துலயே போயிட்டான்.”

கீழே நிலையமே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. எங்களுக்கு அது தெரியாது. வேர்த்து விறுவிறுத்து, பிள்ளைகளைத் துடைத்து முடித்ததும் நான் கேட்டேன்.

“ஏம்பா, இதைக் கீழேயே எங்கயாவது செஞ்சிருக்கக் கூடாதா?”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“எங்க சார் செய்யறது? லேடீஸ் பக்கம் மேசை இருக்கு. நான் உள்ள கால் வெச்சா அடி விழும். ஜென்ட்ஸ் பக்கம் பிள்ளையப் படுக்க வைக்க ஒரு சாண் காய்ஞ்ச இடம் கிடையாது. நீங்க பூட்டி வெச்சிருக்கீங்களே ஒரு ரூம், அதுல மேசை இருக்காம். அது என்னதான் சார் ஆச்சு? பராமரிப்பு பராமரிப்புன்னா, ஒன்பது வருஷமாவா?”

அவர் மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடிக்கு முன்னால் எனக்குப் பொய் வரவில்லை.

“பராமரிப்பும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. உள்ள பூரா உடைஞ்ச நாற்காலி. போட இடமில்லாம நான்தான் போட்டு வெச்சேன். பூட்டு இருந்தது வசதியாப் போச்சு. யாரும் கேக்கல, நானும் எடுக்கல. கேட்ட ஒரு பொண்ணையும் பொய் சொல்லி ஆஸ்பத்திரியில படுக்க வெச்சுட்டேன்.”

கீழே சிரிப்பு நின்றுபோனது. மூன்றாம் தடத்திலிருந்து ஒரு வண்டி ஒலி எழுப்பியது. நீளமாக, நிறுத்தாமல். இவர் மனைவியின் வண்டி! அடுத்து ஐந்தாம் தடம். அடுத்து ஏழு. நிலையம் முழுக்க வண்டிகள் அலறின. அப்போதுதான் குனிந்தேன். சிவப்பு விளக்கைப் பார்த்தேன். அவையோரே, என் வாழ்நாளில் நான் செய்த மிகத் தெளிவான அறிவிப்பு அதுதான்.

ஆணியில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஏறும்போது எண்ணாத படிகளை இறங்கும்போது எண்ணினேன். கீழே கூட்டம். என்னைத் திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். கூட்டத்தின் முன்னால் ஓர் அம்மா நின்றிருந்தார். தையல் வேலை செய்பவர். அவர் பக்கத்தில் சக்கர நாற்காலியில் பதினான்கு வயது மகள். அந்தப் பெண்ணால் நடக்க முடியாது, பேச முடியாது. புதன்கிழமைதோறும் இயன்முறை மருத்துவரிடம் போவதற்காக இந்த நிலையத்துக்கு வருவார்கள்.

அந்த அம்மா மெதுவாகத்தான் பேசினார்.

“சார், நாலு வருஷமா பார்சல் ஆபீஸ் பின்னாடி தரையில துணி விரிச்சுத்தான் இவளுக்கு மாத்துறேன். பெரிய பொண்ணு சார் இவ. யாரும் பாக்காம இருக்கணும்னு நானே முதுகைக் காட்டி மறைச்சு நிப்பேன். பராமரிப்புன்னு நீங்க சொன்னதா டவர் அக்கா சொன்னாங்க. முடிஞ்சதும் நீங்க அறிவிப்பீங்கன்னு நம்பினேன். ஒவ்வொரு வாரமும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்.”

நான் வாய் திறந்து, “அம்மா, மன்னிச்சிடுங்க” என்றேன். அவ்வளவுதான். அந்தக் குரலைக் கேட்டதும் அந்தப் பெண் முகம் நிமிர்த்தினாள். கைதட்டினாள்! முகமெல்லாம் சிரிப்பு! நான் திகைத்து நின்றேன். அம்மா சொன்னார், “அவளுக்கு உங்க குரல்னா உயிர் சார். நீங்க வண்டி பேர் சொல்றப்பல்லாம் தட்டுவா. ஸ்பீக்கர்ல வர்ற ஆள் இவர்தான்னு கண்டுபிடிச்சுட்டா.”

என்ன செய்வேன் நான்? என் குரலுக்குக் கைதட்டிய பிள்ளையைத் தரையில் கிடத்தினேனே! நான்கு வருடம் கிடத்தினேனே! நேரே கதவுக்குப் போனேன். சாவியைப் போட்டேன். திருகினேன். திரும்பவில்லை! ஒன்பது வருடத் துரு. பின்னாலிருந்து, “தள்ளுங்க சார்” என்று ஒரு குரல். டபுள்ஸின் மனைவி, நம் ஓட்டுநர், சக்கரம் கழற்றும் இரும்புக் கம்பியோடு வந்துவிட்டார். ஒரே நெம்பு. பூட்டு தரையில்! தட்டுங்கள், அந்தக் கைக்குத் தட்டுங்கள்!

உள்ளே என்ன இருந்தது? முப்பத்தொரு உடைந்த நாற்காலி, பழைய நேர அட்டவணைப் பலகைகள் ஐந்து, கால் போன ஏணி ஒன்று, காய்ந்த பெயின்ட் டப்பாக்கள். நடத்துநர்கள் சங்கிலி போல வரிசையாக நின்று ஒவ்வொன்றாக வெளியே கடத்தினார்கள். பயணிகள் பையை ஓரமாக வைத்துவிட்டுத் தோள் கொடுத்தார்கள். அன்று நான்கு வண்டிகள் தாமதம். ஒரு பயணிகூட ஏன் என்று கேட்கவில்லை. தூய்மைப் பணி அம்மா வாளியோடு வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மைக்குல மட்டும்தான் பேசுவீங்களா, பிரஷ் பிடிப்பீங்களா?”

பிடித்தேன். மண்டியிட்டுத் தேய்த்தேன். “மூலையை விட்டுட்டீங்க” என்றார். மூலையையும் தேய்த்தேன். குழாயைத் திறந்தோம். முதலில் இருமியது. பிறகு செந்நிறமாகத் துப்பியது. பிறகு தெளிந்து, சலசலத்து, சிரித்துக்கொண்டு கொட்டியது. அந்த அறைக்குள் முதலில் போனவர்கள் யார்? அந்த அம்மாவும் அந்த மகளும். கதவை உள்ளிருந்து தாழிடும் ஓசை கேட்டது. வெளியே நூறு பேர் நின்றோம். பூட்டும் ஓசை அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. உள்ளிருந்து பூட்டுவது எத்தனை பெரிய உரிமை!

எட்டு நாள் கழித்து டவர் அக்கா திரும்பினார். நேரே அங்கே போனார். வெளியே வந்தார். தேநீர்க் கடைக்காரரிடம் கை நீட்டி ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினார். நேரம் காலை பத்து மணி. எல்லோரும் பார்க்க, அண்ணாந்து, கடகடவென்று, கடைசிச் சொட்டு வரை குடித்தார். வாயைத் துடைத்தார். என் சன்னலை நோக்கிப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். “இன்னொண்ணு கொடுங்க அண்ணே” என்றார். அன்றைக்கு இந்த நிலையத்தில் எழுந்த கைதட்டலை எந்த மேடையும் பார்த்திருக்காது.

கதை இத்தோடு முடிந்ததா? இல்லை. பூட்டை உடைத்தால் சும்மா விடுவார்களா? பத்தாம் நாள் கோட்ட மேலாளர் ஐயா வந்தார். ஐயா, சொல்லலாம் அல்லவா? தலையாட்டுகிறார், சொல்கிறேன். புத்தம்புதுப் பூட்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டே வந்தார்!

“யார் அனுமதி கொடுத்தது? திறந்து வெச்சா ஒரு மாசத்துல நாசம் பண்ணிடுவாங்க. மறுபடி பூட்டுங்க. இல்லன்னா உங்க மேல நடவடிக்கை எடுக்க வேண்டி வரும்.”

இருபது வருடத்தில் முதல் முறையாக ஒரு மேலதிகாரியிடம், “முடியாதுங்க ஐயா” என்றேன். அவர் யோசித்தார். “ஒரு மாசம் பாக்கறேன். ஒரு குழாய் உடைஞ்சாலும் பூட்டு விழும்.”

ஒரு மாதம்! நிலையமே காவல் காத்தது. ஒவ்வொரு மணிக்கும் தூய்மைப் பணி அம்மா எட்டிப் பார்ப்பார். பத்தொன்பதாம் நாள் என்ன ஆயிற்று? குழாய் உடைந்தது. யாரும் உடைக்கவில்லை. தேய்ந்து உடைந்தது. மறைத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அரை மணியில் ஓட்டுநர் ஒருவர் புதுக் குழாய் மாட்டிவிட்டார், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் ஒரு முறை பொய் சொன்னவன் நான். போதும் என்று தோன்றியது. அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். “இம்மாதம் இந்த அறையில் ஒரு குழாய் உடைந்தது. சரிசெய்யப்பட்டது. இதே மாதம் ஆண்கள் கழிப்பறையில் நான்கு குழாய்களும் ஒரு கதவும் உடைந்தன. ஆண்கள் கழிப்பறையையும் பூட்டிவிட்டு, சாவியை மேல்மாடியில் வைக்கட்டுமா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.”

ஐயா அதைப் படித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள்! கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் கேட்டார்: “என் கோட்டத்துல இதுமாதிரி பூட்டின ரூம் எத்தனை இருக்கு?” எண்ணினோம். இதையும் சேர்த்துப் பதினான்கு. “எல்லாத்தையும் திறங்க.” ஓர் உத்தரவு, பதினான்கு கதவுகள்! ஐயா, உங்களுக்கு அன்று வணக்கம் சொன்னேன், இன்று அவையறியச் சொல்கிறேன். தவறு செய்வது பெரிதில்லை, திருத்திக் கையெழுத்திடும் மனம்தான் பெரிது.

அதனால் என்ன மாறியது என்று கேட்பீர்கள். போன மாதம் தையல்கார அம்மா மேலே வந்தார். மகளை டவர் அக்கா கடையில் விட்டுவிட்டு, அவ்வளவு படியும் ஏறி வந்தார்.

“சார், நேத்து நாங்க கடல் பாக்கப் போயிருந்தோம்.”

“எந்தக் கடலம்மா?”

“கடலுக்கு என்ன சார் பேரு? அஞ்சு மணி நேரம் பஸ். அவ பொறந்ததுலேந்து வீட்டை விட்டு மூணு மணி நேரத்துக்கு மேல நாங்க போனதே கிடையாது. எங்க மாத்துறது, யார்கிட்ட கேக்கறதுன்னு பயம். நேத்து இங்க ஒரு தடவை, நடுவுல ஒரு தடவை, அங்க இறங்கினதும் ஒரு தடவை. மூணு ஸ்டாண்டுலயும் கதவு திறந்திருந்துச்சு சார். அலை வந்து அவ காலைத் தொட்டுச்சு. கத்தினா பாருங்க ஒரு கத்து! கடற்கரையே திரும்பிப் பாத்துச்சு.”

மூன்று மணி நேரம். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையின் உலகத்தின் நீளம் அவ்வளவுதான் இருந்தது. அதை அளந்து வைத்தது நோயா? இல்லை. நாற்காலியா? இல்லை. நாம் போட்ட பூட்டு! நாம் எழுதி ஒட்டிய அறிவிப்பு! கதவு திறந்தது, கடல் வந்தது. இதோ இரண்டாம் வரிசையில் அமர்ந்து, நான் மூச்சு விடும் இடமெல்லாம் கைதட்டிக்கொண்டிருக்கிறாளே, அவளைக் கேளுங்கள். ஒரு கதவு என்பது எத்தனை மைல் என்று அவள் சொல்வாள்.

கழிப்பறையைப் பற்றி மேடை போட்டுப் பேசலாமா என்று சிலர் முகம் சுளித்தார்களாம். பேசுவேன்! பசியைப் பேசுகிறோம், படிப்பைப் பேசுகிறோம். பசித்துச் சாப்பிட்டவர்கள், படித்துவிட்டு வேலைக்குக் கிளம்பியவர்கள், வழியில் ஒரு முறை ஒதுங்க இடமில்லாமல் வீட்டுக்கே திரும்பினால் பேச வேண்டாமா? வேலைக்குப் போகும் உரிமை வேண்டுமா, அங்கே ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். ஊர் சுற்றும் மகிழ்ச்சி வேண்டுமா, அங்கே ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். ஓர் அப்பா தன் பிள்ளையைத் தானே தூக்கி வளர்க்க வேண்டுமா, அங்கேயும் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும்! இரக்கப்பட்டுக் கொடுக்கும் சாவி வேண்டாம். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் சாவி வேண்டாம். தள்ளினால் திறக்கும் கதவு போதும்.

உங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. நாளைக்கு நீங்கள் வேலை செய்யும் இடத்துக்குப் போவீர்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, சந்தை, பூங்கா, அலுவலகம். அங்கே சக்கர நாற்காலிப் படம் போட்ட கதவு ஒன்று இருக்கும். கைப்பிடியில் கை வையுங்கள். தள்ளிப் பாருங்கள். திறந்தால் மகிழுங்கள். திறக்காவிட்டால், சாவி யாரிடம் என்று கேளுங்கள். மறுநாளும் கேளுங்கள். அந்தச் சாவிக்காரர் கெட்டவராக இருக்க மாட்டார். என்னைப்போல யாரோ ஒருவராகத்தான் இருப்பார். அவர் வெட்கப்படும்வரை கேளுங்கள்.

பேசக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பிழை பொறுத்த பயணிகளுக்கும், பூட்டை உடைத்த கைக்கும், மூலையைத் தேய்க்கச் சொல்லித் தந்த அம்மாவுக்கும், தண்ணீரைக் குடித்துக் காட்டித் தலைவராக அமர்ந்திருக்கும் அக்காவுக்கும், இருந்து கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி.

அடுத்து நான்கு பேர் பேசவிருக்கிறார்கள், நான்கு பேரும் நீளமாகப் பேசுபவர்கள். அதற்குள் யாருக்கேனும் அவசரம் என்றால் கூச்சப்படாதீர்கள். எனக்கு வலப்பக்கம், சரிவு வழியாக, பச்சைக் கதவு. யாரையும் கேட்க வேண்டாம்.

வணக்கம்.